களிமண் இமயமலை

ஜியாலஜி வகுப்பில் ஆயா வேலை என்றால் கல்லைத் துடைத்து வைப்பது மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். மலையும் செய்து தர வேண்டும். அடுத்தவர் கலைத்ததை அடுக்கியே இடுப்பு ஒடிந்தவர்களுக்கு என் கோபம் புரியும்.

பலகை

மரப்பெட்டிக்குள் சிவப்பு, வெள்ளை, கறுப்புக் களிமண்ணைச் சப்பாத்தி போலத் தட்டி ஒன்றன்மேல் ஒன்றாக நான் பரப்ப வேண்டும். காக்ஸ் டவுனிலிருந்து வரும் சின்ன சார் பீட்டர், ஒரு பக்கத்துப் பலகையைத் தள்ளுவார். பலகை இந்தியாவாம், எதிர்ச்சுவர் திபெத்தாம், நடுவில் கிடந்த கடல் சேறுதான் மடிந்து இமயமலை ஆயிற்றாம். காலையெல்லாம் நான் அடுக்கியது கண் மூடித் திறப்பதற்குள் சுருண்டுவிடும். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகச் சொல்வார்: “நல்லா எழும்பிச்சு ராஜம்மா. அடுத்த வகுப்பு வர்றதுக்குள்ள சமமா அடுக்கிடுங்க.”

சப்போட்டா

துறைத் தலைவரான பெரிய சாருக்கு அந்தப் பெட்டியே ஆகாது. பூமி சூடு ஆறிச் சுருங்கியதால்தான் மலை வந்தது என்று வதங்கிய சப்போட்டாவைக் காட்டிப் பாடம் நடத்துவார். பெட்டியைக் கிடங்கில் போடச் சொல்வார். சின்ன சார் திரும்ப எடுத்துவரச் சொல்வார். நானோ வருஷக்கணக்காகத் தற்காலிகம். நிரந்தரமாக்கப் பெரிய சார்தான் எழுத வேண்டும். யார் பேச்சைத் தட்டுவது?

நிலம் நகருமா என்று ஒருநாள் பெரிய சாரிடமே கேட்டுத் தொலைத்தேன். அவர் சொன்னார்: “ஏனம்மா, நேத்து நீ வச்ச கல்லு இன்னைக்கு எங்கயாவது நடந்து போயிருக்கா?”

கிளிஞ்சல்

பெட்டி வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்கப் பிரின்சிபால் வருவதாக இருந்தது. முந்தின சாயங்காலமே சின்ன சார் மலையை எழுப்பி, இது கடலடி மண் என்று காட்ட உச்சியில் கிளிஞ்சல் பதித்து வைத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வகுப்புக்கு முன்னால் மண் சமமாக இருக்க வேண்டும் என்பது அவர் உத்தரவுதானே? காலையில் தண்ணீர் தெளித்து, தட்டிச் சமமாக்கினேன். கிளிஞ்சலைக் குப்பையில் போட்டேன்.

பிரின்சிபாலோடு வந்த சின்ன சார், தட்டையாகக் கிடந்த மண்ணில் கிளிஞ்சலைத் தேடினார். “பெட்டியோட இந்த அம்மாவையும் அனுப்பிடலாம்” என்றார் பெரிய சார். சின்ன சார் பலகையைத் தள்ளினார். ஈர மண் மூன்று நிறமும் தெரிய, எல்லோர் கண் முன்னாலும் மடிந்து எழும்பியது. பெரிய சார் விடவில்லை. “தானா நடக்கலையே, நீங்க தள்ளினீங்க” என்றார். வாதம் மத்தியானச் சாப்பாடு வரை போயிற்று. கடைசியில் பிரின்சிபால் எழுந்தார்: “இவங்க ரெண்டு பேரும் ஒத்துப்போறது இந்த ஜென்மத்துல நடக்காது. பெட்டியும் இருக்கட்டும், சப்போட்டாவும் இருக்கட்டும். அடுக்குற அம்மாவை நிரந்தரமாக்கிடுங்க.”

இமயமலையை எழுப்பியது எது என்று இருவரும் இன்னும் சண்டை போடுகிறார்கள். அதைத் தினமும் படுக்க வைக்கிறவள் யார் என்று மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.