உப்புச்சக்கரையும் ஐந்தாம் விதியும்

விதிகள் மொத்தம் இரண்டு தாள். ஆங்கிலத்தில் டைப் அடித்து, எங்கள் கல்லூரி மாணவர் படையின் விமானப் பிரிவு அலுவலகத்தில், பலகையில் குத்தி வைத்திருந்தார்கள். பல நாடுகள் சேர்ந்து, விமானம் ஓட்டப் பழகும் தங்கள் இளைஞர்களை மூன்று வாரத்துக்கு ஒருவர் நாட்டுக்கு மற்றவரை அனுப்பிக்கொள்ளும் திட்டம் அது. அந்த வருடம் சேலத்திலிருந்து இரண்டு பேரைத் தேர்வு செய்தார்கள். ஒரு பையன், ஒரு பெண். அந்தப் பெண் நான். எழுபதுகளின் பிற்பாதி. எனக்குப் பத்தொன்பது வயது.

விதிகளைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. போன இடத்தில் பரிமாறுவதை முகம் சுளிக்காமல் சாப்பிட வேண்டும். அரசியல் பேசக் கூடாது. சாலையில் எந்த வண்டியும் ஓட்டக் கூடாது. வானத்தில் ஓட்டலாம், தரையில் மொபெட் ஓட்டக் கூடாது! தங்க இடம் கொடுக்கும் குடும்பத்துக்கு நம் ஊர்ப் பொருள் ஒன்றைப் பரிசளிக்க வேண்டும், அது விலை உயர்ந்ததாக இருக்கக் கூடாது. எங்கள் ஊரில் விலை உயர்ந்ததென்று எருமையைத் தவிர என்ன இருந்தது? ஐந்தாவது விதி, திருமணம் ஆகியிருக்கக் கூடாது, நிச்சயமும் ஆகியிருக்கக் கூடாது என்றது. அதைப் படித்துவிட்டு ஆறாவதற்குப் போய்விட்டேன். எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று நினைத்தேன்.

மூன்றாவதாக ஒரு தாள் இருந்தது. அது வெளிநாட்டிலிருந்து வந்ததல்ல, எங்கள் அலுவலகமே தமிழில் தயாரித்தது. பெண்ணாக இருந்தால் தகப்பனார் நேரில் வந்து அதிகாரியின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அதில் ஒரே ஒரு வரி. பையனுக்கு அப்படி ஒன்றும் இல்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் போக வேண்டுமே, வாயை மூடிக்கொண்டேன்.

நான் எதற்காக அவ்வளவு ஆசைப்பட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய வருடம் முகாமில் என்னைக் கிளைடரில் ஏற்றினார்கள். இன்ஜின் இல்லாத விமானம். தரையில் இருக்கும் எந்திரம் நீளக் கம்பியால் இழுத்து மேலே விடும், உயரத்துக்குப் போனதும் கம்பி கழன்றுகொள்ளும். அதன்பின் சத்தமே இருக்காது. காற்று மட்டும் இறக்கையில் உரசும். முன்னால் உட்கார்ந்திருந்த எனக்குப் பின்னாலிருந்து பயிற்சியாளர், "இப்ப நீ ஓட்டு" என்றார். ஐந்து நிமிடம் இருக்கலாம். அந்த ஐந்து நிமிடம் போல என் கையில் எதையும் யாரும் கொடுத்ததில்லை. வெளிநாட்டுக்குப் போனால் மூன்று வாரமும் அதுதான் வேலை என்றார்கள். அப்புறம் எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

ஊருக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது அவர் கேலி செய்தார்.

"இங்க கெணத்து மோட்டாரு கரண்ட் இல்லாம பொட்டாட்ட நிக்குது. நீ இஞ்சினே இல்லாத வண்டியில ஏறிப்போட்டு வந்தியா அம்மிணி?"

நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் எங்கள் காடு. நிலக்கடலையும் குச்சிக்கிழங்கும் போடுவோம். அப்பா எட்டாவது வரை படித்தவர். என்னைக் கல்லூரி விடுதியில் சேர்க்க உறவுக்காரர்கள் அத்தனை பேரையும் எதிர்த்துக்கொண்டவர். வெளிநாட்டுப் பேச்சு வந்தபோதும் அவர் முடியாது என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவருடைய யோசனைதான் எனக்கு ஆபத்தாக முடிந்தது.

நேர்காணலுக்கு வெளுத்த வேட்டியும், துவைத்த துண்டுமாக வந்தார். அதிகாரி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். எத்தனை பிள்ளைகள், என்ன விவசாயம் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, "பெண்ணைத் தனியா அவ்வளவு தூரம் அனுப்புறீங்களே, உங்களுக்குப் பயமில்லையா?" என்று கேட்டார்.

அப்பா அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல நிமிர்ந்தார்.

"ஒரு பயமுமில்லீங்க சார். நீங்களும் பயப்பட வேண்டாங்க. போன வாரந்தான் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு எடத்துல பேசி, சந்தையில உப்புச்சக்கரை மாத்தியாச்சுங்க. புள்ள திரும்பி வாரதுக்கு ரெண்டு ஊடு ஜவாப்புங்க இப்ப."

உப்புச்சக்கரை மாற்றுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சந்தையில் ஒரு மளிகைக் கடையில் சந்தித்து, இவர்கள் வாங்கும் உப்பையும் சர்க்கரையையும் அவர்களுக்கும், அவர்கள் வாங்குவதை இவர்களுக்கும் கொடுத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான், சம்பந்தம் முடிவு. அதற்குமேல் எந்தப் பக்கமும் பின்வாங்கக் கூடாது. அந்தக் கடைக்குப் பெண் வரவேண்டியதில்லை. பெண்ணுக்குத் தெரியவும் வேண்டியதில்லை போலும். எனக்கு அப்போதுதான் தெரிந்தது, அதிகாரியோடு சேர்ந்து.

அதிகாரிக்கு விளங்கவில்லை. அதென்ன உப்புச்சக்கரை என்று என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவே விலாவாரியாக விளக்கிவிட்டார். பெருமை தாங்கவில்லை அவருக்கு. அவருடைய கணக்கு எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. அந்நிய நாட்டுக்குப் போகிற பெண் ஓடிப்போனால் யார் பொறுப்பு என்று சர்க்கார் கேட்கும், அதற்கு ஒரு ஜாமீன் காட்ட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். என்னை அனுப்புவதற்காகவே எட்டே நாளில் மாப்பிள்ளை தேடியிருக்கிறார்.

அதிகாரி விதித்தாளை எடுத்து ஐந்தாவதன்மேல் பேனாவை வைத்தார். "நிச்சயம் ஆகியிருந்தா அனுப்ப முடியாதுங்களே" என்றார்.

"நிச்சயம் இல்லீங்க சார், சும்மா பேசித்தான் வெச்சிருக்குது."

"இப்பத்தானே பின்வாங்க முடியாதுன்னு சொன்னீங்க?"

அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. எனக்கு அவர்மேலும் கோபம், அந்தத் தாளின்மேலும் கோபம். என்னோடு தேர்வான பையனுக்கு இரண்டு மாதத்துக்கு முன்தான் நிச்சயதார்த்தம் நடந்திருந்தது. இதே அலுவலகத்தில் தட்டு நிறையக் கல்கண்டு கொண்டுவந்து கொடுத்தான். நான் கேட்டேவிட்டேன்.

"அவனோட கல்கண்டை நீங்களும் சாப்பிட்டீங்க சார். அவனுக்கு அஞ்சாவது விதி இல்லையா?"

அதிகாரி சிவந்துபோனார். "அதைப் பத்தி எனக்கு அதிகாரபூர்வமா யாரும் சொல்லலை" என்றார்.

"அவங்க அப்பாவை நீங்க கூப்பிடவே இல்லையே சார்!"

அந்தப் பையனை நீக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. அவன் என்ன பாவம் செய்தான்? பெண்ணின் தகப்பனாரிடம் மட்டும் கேட்கும் கேள்வியை நீக்குங்கள் என்றுதான் கேட்டேன். உலக விதியை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை என்றார் அதிகாரி. எண்பதுகளில் இதே திட்டத்துக்கு ஆள் எடுக்கும் மேசையில் என்னையும் உட்கார வைத்தார்கள். நான் இருந்த வருடங்களில் அந்த மூன்றாவது தாள் பலகைக்கு வரவே இல்லை. எங்கே என்று கேட்டவர்களிடம் தொலைந்துவிட்டது என்றேன். கிழித்துப் போட்டது நான்தான். அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை.

அன்றைக்கு அதிகாரி ஒரு வழி சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் அப்பா திரும்ப வந்து, நிச்சயம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் என் பெயர் இருக்கும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த பெண். அன்று திங்கட்கிழமை.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன்: "என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?"

"உங்கொம்மாளைக் கேட்டா என்னையக் கட்டி வெச்சாங்க?" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "உனக்குத் தொணை சேக்கறேன்னு நெனச்சேன் சாமி" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பேசினால் இளகிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

வீட்டுக்குப் போனால், மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த சர்க்கரையில் அம்மா ஏற்கெனவே பாயசம் வைத்து முடித்திருந்தாள். உப்பு ஜாடியில் கலந்துவிட்டது. திருப்பிக் கொடுக்க அதை எப்படிப் பொறுக்கி எடுப்பது? புதன்கிழமை காலையில் ஊர்க் கடையிலேயே ஒரு படி உப்பும் ஒரு கிலோ சர்க்கரையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. வாசலில் போர் போடும் ரிக் வண்டியின் குழாய்கள் அடுக்கிக் கிடந்தன. மாப்பிள்ளை வடக்கே எங்கேயோ கிணறு தோண்டப் போயிருந்தார். அவருடைய அம்மா மட்டும் இருந்தார். நான் யாரென்று சொன்னதும் திகைத்துப்போய், முதலில் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். பிறகு பையை அவர் முன்னால் வைத்தேன். திறந்து பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்ர பையங்கிட்ட என்ன கொறை கண்டே அம்மிணி?"

"ஒரு கொறையும் இல்லீங்க. அவங்களை நான் பாத்ததே இல்லீங்க."

"பாக்காமயே வேண்டாங்கறயா?"

"பாக்காமத்தானுங்க வேணும்னு முடிவு பண்ணுனாங்க. அப்ப யாரும் கேக்கலீங்களே."

விமானத் திட்டத்தைப் பற்றியும் ஐந்தாவது விதியைப் பற்றியும் சொன்னேன். அவர் முட்டாள் அல்ல. சட்டென்று ஒரு வழி கண்டுபிடித்தார். "இல்லைன்னு அந்த ஆபீசர்கிட்ட எழுதிக் குடுத்துப்போட்டுப் போ. நாங்க வெளிய மூச்சு உடமாட்டோம். நீ வந்தப்பறம் தாலி கட்டிக்கலாம். எங்களுக்கு ஒன்னும் அவசரமில்ல."

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் ஆடிப்போனேன். எல்லாருக்கும் நல்லதாக இருந்தது அந்த யோசனை. அப்பாவின் மானம் போகாது, நானும் பறந்துவிடுவேன். ஆனால் மூன்று வாரம் அவிழ்த்துவிட்டு மறுபடி பிடித்துக் கட்டுவதற்கு நான் என்ன ஆட்டுக்குட்டியா? அந்த அலுவலகம் கேட்டதற்காக மட்டும் நான் அந்த உப்பைத் தூக்கி வரவில்லை என்பது அந்த இடத்தில்தான் எனக்கே தெரிந்தது.

"வேண்டாமுங்க. நெசமாலுமே திருப்பிக் குடுக்கறனுங்க" என்றேன்.

அவர் பையைத் தொடவில்லை. "உங்கப்பன் இனிச் சந்தையில எந்த மூஞ்சிய வெச்சுட்டு நிப்பான்?" என்று மட்டும் கேட்டார். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலத்துக்குள் செய்தி ஊருக்குள் வந்துவிட்டது. பங்காளிகள் திரண்டு வந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். பொட்டைப்பிள்ளையைப் படிக்க வைத்தால் இப்படித்தான் தலையில் மிளகாய் அரைக்கும் என்றார்கள். அப்பா என்னைத் திட்டவும் இல்லை, பார்க்கவும் இல்லை. அம்மாதான் அழுதுகொண்டே, "நீ போகவே வேண்டாம், அந்த ஏரோப்பிளேனு நாசமாப் போகட்டும்" என்றாள். வியாழன் முழுக்க அப்படியே போனது. நான் சோறு தின்னவில்லை. ஆனால் மன்னிப்பும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில், அப்பா வராவிட்டாலும் அதிகாரியிடம் போய்ச் சண்டை போடுவதென்று கிளம்பினேன். பஸ் நிற்கும் இடத்தில் அப்பா எனக்கு முன்னால் நின்றிருந்தார். சேலம் போய்ச் சேரும்வரை அவர் முன் இருக்கை, நான் பின் இருக்கை.

அலுவலகத்தில் அதிகாரி ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "என் மகளுக்குத் திருமணம் எதுவும் நிச்சயிக்கப்படவில்லை, அப்படின்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. போதும்" என்றார்.

அப்பா பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, வெகுநேரம் எழுதினார். அதிகாரி வாங்கிப் படித்துவிட்டு என்னிடம் தள்ளினார். அதில் இப்படி இருந்தது: "என் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தது நான். அவளைக் கேட்காமல் முடித்தேன். அவள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் சொன்னதுதான் செல்லும்."

"இதெல்லாம் தேவையில்லைங்க. உங்களுக்குத்தான் கௌரவக் குறைச்சல். நான் சொன்ன ஒரு வரி போதும். வேற தாள் தரேன்" என்றார் அதிகாரி.

"நடந்ததுதானுங்களே எழுதியிருக்குது. அதையே வெச்சுக்குங்க" என்றார் அப்பா.

அதிகாரி முத்திரை குத்தினார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அப்பா வெளியே போய், எனக்காக நிற்காமல் பஸ் ஏறிவிட்டார். நான் விமானம் ஏறும் நாள் வரைக்கும் என்னோடு அவர் பேசவில்லை. எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் இல்லை.