கந்தசட்டி விரதத்தில் கொடுத்த இரத்தம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னே நடந்ததைப் பின்னே எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க எனக்குக் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் சிறுநீரக வருத்தம் இரண்டு பேரைக் கொண்டுபோனது. முதலில் என் மாமனார். அவர் என் அம்மாவுடன் கூடப்பிறந்த தம்பி. தாய்மாமன் மகன் இருக்கும்போது வெளியில் மாப்பிள்ளை பார்க்கிற வழக்கம் அப்போது எங்களிடம் இல்லை. மாமாவுக்குக் காலும் முகமும் வீங்கின. உடம்பில் நீர் ஏறிவிட்டது என்று சொன்னார்கள். அதற்கு மேல் ஒருவருக்கும் தெரியாது. பிறகு அவருடைய மகன், என் வீட்டுக்காரர். அவர் காலத்தில் வருத்தத்துக்குப் பெயர் இருந்தது. ஆஸ்பத்திரியில் இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்துவிட்டு வருவார். வந்தவுடன் வெங்காயத் தோட்டத்து வரம்பில் கதிரையைப் போட்டு உட்காரவைக்கச் சொல்லுவார். மண்வெட்டி பிடிக்க முடியாது, பார்த்துக்கொண்டாவது இருக்கலாம் என்று.

இரண்டு பேரும் தோட்டக்காரர்கள். வெயில், பூச்சிமருந்து, தாகம் பாராமல் வேலை. ஆனால் அதே வெயிலில் நின்று அதே மருந்தை அடித்த பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் பலர் இன்றைக்கும் சைக்கிளில் திரிகிறார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் வந்தது என்று நான் யோசிப்பேன். யாரிடமும் கேட்டதில்லை.

பிள்ளைகளும் இரத்தம் சோதிக்க வேண்டும் என்று அவர் இருக்கும்போதே டொக்டர் சொல்லியிருந்தார். எனக்கு ஒரே ஒரு மகன். அவனும் அதே தோட்டத்தில்தான் நிற்கிறான். "நாளைக்குப் பாப்பம்" என்று வருடக்கணக்காகத் தள்ளினான். கடைசியில் மருமகள்தான் பிடித்த பிடியில் நின்றாள். சாப்பிடாமல் வர வேண்டும் என்று இரத்தம் எடுக்கும் இடத்தில் சொல்லியிருந்தார்கள்.

"சாப்பிடாமலோ? அப்ப கந்தசட்டி கடைசி நாளே போறன். எப்பிடியும் அண்டைக்குப் பட்டினிதானே" என்றான் மகன்.

எங்களுக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது.

அவன் முன்பு சட்டி விரதம் பிடித்தவன் அல்ல. அந்த வருடம்தான் பிடித்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை; அவனும் சொல்லவில்லை. பிடித்ததுதான் பிடித்தான், பழைய ஆட்கள் பிடிக்கிற மாதிரிக் கடுமையாகப் பிடித்தான். பகலில் பச்சைத் தண்ணீரும் இல்லை. பின்னேரம் கோயிலால் வந்து கொஞ்சம் பாலும் ஒரு பழமும். கடைசி நாளுக்கு முதல்நாள் அதையும் விட்டுவிட்டு, மிளகோடு உள்ளங்கை நிறையத் தண்ணீர் மட்டும் குடித்தான். மழை பிந்திப்போன வருடம். மழைக்கு முன் நிலத்தைக் கொத்தி முடிக்க வேண்டும் என்று அத்தனை நாளும் செம்மண்ணில் மண்வெட்டியோடு நின்றான். அந்தக் கோலத்திலேயே போய் இரத்தம் கொடுத்தான்.

முடிவை மருமகள் வாங்கி வந்தாள். கேற்றைச் சாத்தாமலே நின்று, "மாமி, கிட்னிக் கணக்குக் கூடத்தான் இருக்காம்" என்றாள்.

அதன் பிறகு என் கண் அவனுடைய காலிலேயே இருந்தது. அவன் சாப்பிட உட்காரும்போது கணுக்காலைப் பார்ப்பேன். ஒருநாள் கண்டுபிடித்துவிட்டான்.

"என்னம்மா, என்ரை காலிலை என்ன தேடுறியள்?"

"ஒண்டுமில்லை மோனை. செம்மண் ஒட்டியிருக்கு."

"தோட்டக்காரன்ரை காலிலை செம்மண் ஒட்டாமல் சீமெந்தோ ஒட்டும்?"

சிரித்தான். ஆனால் அன்று இரண்டாம் தரம் சோறு கேட்கவில்லை.

கிளினிக்குக்கு மூன்று பேரும் போனோம். டொக்டர் சின்னப் பெண். மாமாவைப் பற்றியும் வீட்டுக்காரரைப் பற்றியும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் உங்கடை அவரும் முந்தியே சொந்தமோ அம்மா?"

நான் மருமகளைப் பார்த்தேன். மருமகள் முழங்கையால் இடித்தாள்.

"மாமான்ரை மகன்தான், பிள்ளை" என்றேன்.

"வெக்கப்பட ஒண்டுமில்லை. சில குடும்பங்களிலை இந்த வருத்தம் பரம்பரையா வரும். சொந்தத்துக்குள்ளை கட்டினா ரெண்டு பக்கத்தாலையும் பிள்ளைக்கு வர இடமிருக்கு. வந்தே தீருமெண்டு இல்லை. அந்தப் பலவீனம் உள்ள ஆளுக்கு வெயிலும் மருந்தும் தண்ணி குடியாமல் வேலை செய்யிறதும் இன்னும் கூடாது." பிறகு மகனைப் பார்த்தாள். "இரத்தம் குடுக்கிறதுக்கு முதல் எப்ப தண்ணி குடிச்சனீங்கள்?"

"முதல்நாள் பின்னேரம். ஒரு உள்ளங்கைத் தண்ணி."

"அதுக்கு முதல்?"

மகன் விரதத்தைச் சொன்னான். தோட்டம் கொத்தியதையும் சொன்னான். டொக்டர் பேனையைக் கீழே வைத்தாள்.

"சாப்பிடாமல் வரச்சொன்னது, தண்ணியும் குடியாமல் வரச்சொல்லேல்லை. முருகன் என்ன, உங்கடை கிட்னியையோ கேட்டவர்?"

மருமகள் சிரிப்பை மறைக்கச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். உடம்பில் தண்ணீர் வற்றினாலும் இந்தக் கணக்குக் கூடிக் காட்டுமாம். சில நாள் நன்றாகத் தண்ணீர் குடித்து, மண்வெட்டி தொடாமல் இருந்துவிட்டு மறுபடி கொடுக்கச் சொன்னாள். என்னையும் சோதிக்க வேண்டும், சிறுநீரும் கொண்டுவர வேண்டும் என்றாள். சிறுநீர்ப் போத்தலைப் பேப்பரில் சுற்றி, அதைப் பையில் போட்டு, பைக்கு மேல் துவாய்த் துண்டும் போட்டுக் கொண்டுபோனேன். "மாமி, நகை கொண்டுபோறதெண்டெல்லோ ஆக்கள் நினைப்பினம்" என்றாள் மருமகள்.

மறுபடி எடுத்ததில் மகனுக்கு ஒன்றுமில்லை. எனக்கும் வயதுக்கு ஏற்ற மாதிரித்தான் இருக்கிறதாம். கிளினிக் வாசலில் வாங்குப் பலகையில் இருந்த நான் எழும்ப நினைத்தேன், கால் வரவில்லை. மகன் கையைப் பிடித்துத் தூக்கி, "இப்ப நான் உங்கடை காலைப் பாக்கவேணும் போலை" என்றான்.

மருமகள் அரியாலை ஊர்ப் பிள்ளை, எங்களுக்குச் சொந்தம் இல்லை. அவன் அவளைத்தான் கட்டுவேன் என்றபோது, என் தம்பியின் மகள் இருக்க இது என்ன என்று நான் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தவள். பஸ்ஸில் வரும்போது அவள் அந்தக் கதையை எடுத்தாள்.

"மாமி, வெளியாலை பொம்பிளை எடுத்தது நல்லதாப் போச்சோ இல்லையோ?"

"ஓம், ஓம். கொக்குவில் வந்திட்டுது, இறங்கு" என்றேன்.

இனி வருடா வருடம் சோதிக்க வேண்டும். இப்போது தோட்டத்து வரம்பில், என் வீட்டுக்காரரின் கதிரை இருந்த இடத்தில், பெரிய தண்ணீர்ப் போத்தல் இருக்கிறது. மத்தியானம் போய் அது குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். குறைந்துதான் இருக்கும். அடுத்த சட்டிக்கும் விரதம் பிடித்தான், தண்ணீர் குடித்துக்கொண்டு.

டொக்டர் சொன்னதை எனக்கு விளங்கிய மட்டும் எழுதியிருக்கிறேன். எங்களைப் போலத் தோட்டம் செய்கிற, சொந்தத்துக்குள் கட்டிய குடும்பத்து ஆட்கள் யாராவது இதை வாசித்துப் பிழையாக விளங்கிவிடக் கூடாது. வைத்தியம் தெரிந்த ஒருவரிடம் அந்தப் பகுதியைக் காட்டித் திருத்திவிடுங்கள். நாள் கிழமைகளை மருமகளிடம் கேளுங்கள். அவளுக்கு மறக்காது.