அம்மா ஏற்ற வேண்டிய ஆறு கிலோ

என் அம்மா ஜெயபுஷ்பம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் தோல் தரம் பிரித்தாள். உள்ளங்கையால் ஒருமுறை தடவுவாள். எங்கே இறுக்கம், எங்கே தொளதொளப்பு என்று சொல்லிவிடுவாள்.

2004இல் புற்றுநோய்க்காக அவளுடைய இடது மார்பை எடுத்தார்கள். பக்கத்து மேசை வஹீதா, ஷூவுக்குள் வைக்கும் ஃபோமை வெட்டித் துணி சுற்றித் தைத்துக் கொடுத்தார். ஒரு ஞாயிறு, ஜெபத்தில் அம்மா கைகளை உயர்த்தியபோது அது நழுவி இடுப்புக்கு வந்துவிட்டது. பிறகு அவள் சபையில் கை உயர்த்தவேயில்லை.

நான் வேலூரில் ஓர் ஆய்வகத்தில் செல் வளர்ப்பவள். 2008இல், வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி மார்பில் வைக்கும் சிகிச்சை பற்றிப் படித்தேன். கொழுப்பில் இருக்கும் ஸ்டெம் செல்கள் புது ரத்தக்குழாய் வளர உதவலாம் என்றிருந்தது. அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"வைக்கிறதுல பாதி கரைஞ்சிடலாம். ஸ்டெம் செல் விஷயம் இன்னும் நிச்சயமில்ல. இவங்ககிட்ட எடுக்கவே கொழுப்பு இல்லையேம்மா," என்றார். "ஆறு கிலோ ஏறட்டும். மூணு மாசத்துக்கு ஒருதரம் செக்கப்புக்கு வந்துடுங்க."

பஸ்ஸில் அம்மா சிரித்தாள். "வயித்துப் பக்கத் தோலை நாங்க ஷூவுக்கே எடுக்க மாட்டோம். இவர் மாருக்கு எடுக்கிறாராம்."

மறுநாளே நெய் வாங்கினாள்.

வாழைப்பழம், முட்டை, வஹீதா வீட்டு பிரியாணி. வாரம் ஒருமுறை எடை. ஐந்து மாதத்தில் ஒன்றரை கிலோ. பிறகு ஒரே மாதத்தில் மளமளவென்று ஏறியது. நான் கிராஃப் போட்டேன். ஆறு முடியட்டும், மொத்தமாகச் செக்கப்புக்குப் போகலாம் என்று சொன்னவள் நான்தான்.

"இன்னாக்கா, மாசமா இருக்கியா?" என்றார் வஹீதா.

அம்மா சிரித்துவிட்டு வயிற்றை அழுத்திப் பார்த்து என்னிடம் சொன்னாள். "இது கொழுப்பு மாதிரி இல்லடி ஃபீபி. அழுத்துனா கைக்கு அடியில ஓடுது."

"மெஷின் பொய் சொல்லாதும்மா."

கை கால்கள் மெலிந்திருந்தன. நான் கிலோவைத்தான் பார்த்தேன்.

ஆறாவது கிலோ வந்த மறுநாள் போனோம். டாக்டர் அவளைப் படுக்கவைத்து வயிற்றைத் தட்டிப் பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலில் பரவியிருந்தது. வயிறு முழுக்க நீர். அன்றே ஊசி செருகி நான்கு லிட்டர் எடுத்தார்கள். இளமஞ்சள்.

"மூஞ்சியத் தொங்கப் போடாத," என்றாள் அம்மா. "பிரியாணி நல்லாத்தான் இருந்துச்சு."

ஏழு வாரம் இருந்தாள்.

குளிப்பாட்டி உடுத்தும்போது வஹீதா புது ஃபோமோடு வந்தார். இந்த முறை நழுவாமலிருக்க ரவிக்கையோடு சேர்த்தே தைத்தார். "ரெண்டு பக்கமும் சரியா இருக்கா, பாரும்மா."

பார்த்தேன். பழைய அளவுக்கே வெட்டியிருந்தார். வலது பக்கம் வற்றிப் போயிருந்தது.

"கொஞ்சம் கம்மி பண்ணுங்க ஆன்ட்டி," என்றேன்.