பதிவு 22, வருகை 19

இன்று காலை கரும்பலகையைத் துடைத்துவிட்டு மூலையில் 'பதிவு 9, வருகை 9' என்று எழுதினேன். சாக்பீஸ் தூள் மூக்கில் ஏறிப் பெரிதாக ஒரு தும்மல். முன்னால் உட்கார்ந்திருந்த வாண்டு ஒன்று, "நூறு டீச்சர்" என்று வாழ்த்தியது. தலைமையாசிரியர் என்ற மரியாதையெல்லாம் தும்மலோடு போய்விட்டது.

அரசுப் பள்ளி எதற்குள் நுழைந்தாலும் கரும்பலகை மூலையில் இந்த இரண்டு சொற்களையும் பார்க்கலாம். பெயர் உள்ளவர்கள் எத்தனை பேர், இன்று வந்தவர்கள் எத்தனை பேர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எழுதுகிறேன். எத்தனையோ எண்கள் அழிந்து போயின. ஒன்று மட்டும் அழியவில்லை: பதிவு 22, வருகை 19.

எனக்கு முதல் வேலை கிடைத்தது இதே பள்ளியில்தான். காரைக்குடி செக்காலையில் இருந்த என் வீட்டிலிருந்து ஆட்டோ, அப்புறம் டவுன் பஸ், அப்புறம் கண்மாய்க்கரை வழியாக நடை. என் கையில் நாலாம் வகுப்பைக் கொடுத்தார்கள். மாதா கோயில் தெருப் பிள்ளைகள் தலையைப் படிய வாரி, வீட்டுப்பாடத்தோடு வருவார்கள். வீட்டில் யாராவது ஒருவர் வாத்தியாராகவோ நர்ஸாகவோ இருப்பார். வயல் வேலை பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளைகள் அறுப்பு நேரத்தில் காணாமல் போவார்கள். இவர்கள் தவிர, சொந்தக்காரர்கள் வெளியூர் போய்விட, பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்குக் காவலாக இருந்தவர்களின் பிள்ளைகள்.

பாண்டிச்செல்வி அப்படி ஒருத்தி. சேர்க்கைப் பதிவேட்டில் அவள் முகவரி, ஊரிலேயே பெரிய வீட்டின் பெயர். நான் டவுன்காரி அல்லவா, அதை அப்படியே நம்பிவிட்டேன். பாவாடையில் ஊக்கு குத்திக்கொண்டு வருகிறாளே, எவ்வளவு எளிமையாக வளர்க்கிறார்கள் என்று ஒரு வாரம் வியந்துகொண்டிருந்தேன். அந்த வீட்டின் பின்கட்டில் ஓர் அறையில் அவள் குடும்பத்தார் நான்கு பேரும் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

அவளுக்கு வாசிப்பு வரவில்லை. எழுத்துகளைத் தனித்தனியே சொல்வாள். சேர்த்துச் சொல் என்றால் முகம் வெளிறிவிடும். அவளைப் போல் இன்னும் இரண்டு பையன்கள்.

அந்த வருடம் காரைக்குடியில் நடந்த மீளாய்வுக் கூட்டத்தில் வாசிப்புத் திறனில் எங்கள் பள்ளிதான் கடைசி. எங்கள் தலைமையாசிரியர் சூசை சாரை எல்லோர் முன்னாலும் எழுந்து நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். ஓய்வு பெற ஒரு வருடம்தான் இருந்தது அவருக்கு. பிள்ளைகளை ஒருநாளும் கை நீட்டி அடிக்காத மனிதர். கல்வி அலுவலர் பள்ளியைப் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்த அன்று என்னைக் கூப்பிட்டுக் குனிந்துகொண்டே சொன்னார்.

"அந்த மூணு பேரையும் நாளைக்கி வரவேணாம்னு சொல்லிருங்க டீச்சர். ஒருநாள்தேன்."

நான் மறுக்கவில்லை. புது வேலை, பயம் என்று காரணம் சொல்லலாம். உண்மையில், என் வகுப்பு நல்ல வகுப்பு என்று பெயர் வாங்க எனக்கும் ஆசை இருந்தது. நான் சொன்னதுதான் தாமதம், பையன்கள் இருவரும் கண்மாய்ப் பக்கம் ஓடிவிட்டார்கள். பாண்டிச்செல்வி நகரவில்லை.

"நான் பேசாம உக்காந்துக்கிர்றேன் டீச்சர். கடைசில உக்காந்துக்கிர்றேன்."

"ஒருநாள்தானம்மா" என்றேன்.

மறுநாள் பத்தொன்பது பேரும் தடங்கலின்றி வாசித்தார்கள். அலுவலருக்கு மகிழ்ச்சி. மதியம் சத்துணவை ருசி பார்க்கச் சமையல் கூடத்துக்குப் போனார். அங்கே சீருடை இல்லாமல், கையில் தட்டோடு, சுவரோரமாக அவள் நின்றிருந்தாள். வீட்டில் யாரும் இல்லை, பசித்திருக்கிறது, வந்துவிட்டாள்.

"எந்த வகுப்பு பாப்பா?"

"நாலாப்பு சார்."

"வகுப்புல உன்னைப் பாக்கலையே?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"டீச்சர்தேன் வரவேணாம்னு சொன்னாக" என்றாள். பிறகு, "எனக்குக் காச்சல் சார்" என்றாள்.

அலுவலர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். பார்வையாளர் பதிவேட்டில், கற்றல் அடைவு நன்று என்று எழுதி, அதன் கீழே, 'மாணவர் நலனில் அக்கறையுள்ள ஆசிரியை' என்றும் எழுதிவிட்டுப் போனார். நான் வாங்கிய முதல் பாராட்டு அது. இன்றும் அந்தப் பதிவேடு பீரோவில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது அவளுக்கு. மாலை மணி அடித்ததும் மற்றவர்கள் ஓடிவிடுவார்கள். அவள் மட்டும் என் மேசை அருகே வந்து நின்று கேட்பாள்.

"நாளைக்கி வரவா டீச்சர்?"

வா என்று சொன்ன பிறகுதான் பையை எடுப்பாள். வெள்ளிக்கிழமை என்றால், "திங்கக்கிழமை வரவா?" என்று கேட்பாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. பள்ளிக்கூடத்துக்கு வர அனுமதி கேட்க வேண்டும் என்று உண்மையாகவே நினைத்துவிட்டாள். நான் செய்தது தப்பு, இனிமேல் கேட்காதே என்று ஒருநாள் சொல்லியிருக்கலாம். பத்து வயதுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க அன்று எனக்கு வாய் வரவில்லை. நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பதிலாகத் தினமும் அவளை அரைமணி நேரம் உட்கார வைத்து வாசிக்கப் பழக்கினேன். பாடப்புத்தகம் அசைந்து கொடுக்கவில்லை. ஒரு மாலை, கரும்பலகையைப் பார்த்தபடி தானாகவே சேர்த்து வாசித்தாள்: "வருகை." தினமும் கண்ணில் பட்ட சொல். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மற்றவையும் வந்தன.

முழுப் பரீட்சை முடிந்த கையோடு அந்தப் பெரிய வீடு கைமாறியது. திருப்பூருக்குப் போகிறோம் என்று அவள் அப்பா அவளையும் கூட்டிக்கொண்டு மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். நான்தான் எழுதினேன். நடத்தை என்ற இடத்தில் 'நன்று' என்று போட்டேன். எனக்காக அவள் சொன்ன பொய்யை எழுத அதில் இடம் கிடையாது. அன்று அவள் எதுவும் கேட்காமல் போனாள்.

பல ஊர் சுற்றி, பதவி உயர்வில் இங்கேயே வந்து சேர்ந்திருக்கிறேன். அந்தப் பெரிய வீடு இப்போது ஹோட்டல். மாதா கோயில் தெருவிலும் சம்சாரி வீடுகளிலும் காலையில் தனியார் பள்ளிகளின் மஞ்சள் வேன்கள் வந்து பிள்ளைகளை ஏற்றிப் போகின்றன. பள்ளி முழுவதற்கும் ஒரே ஒரு கரும்பலகை போதுமானதாகிவிட்டது. ஒன்பது பேரில் ஆறு பேர், பழைய வீடுகளைப் புதுப்பிக்க வடக்கிலிருந்து வந்திருக்கும் கொத்தனார்களின் பிள்ளைகள். வேலை முடிந்தால் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுவார்கள்.

மாலை மணி அடித்ததும் ஒன்பது பேரும் ஓடப் பார்க்கிறார்கள். நான்தான் வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன்.

"நாளைக்கி வந்துருவேல்ல?"