எதற்கென்று தெரியாத கிடா: தாராவியிலிருந்து செம்பூர் வரை

நேர்ச்சைக் கிடாவோடு மும்பைக்குள் எப்படிப் போவது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன். ஆகவே நானே எழுதுகிறேன். நேற்று வெள்ளிக்கிழமை தாராவியில் என் வீட்டிலிருந்து கிளம்பி, மாட்டுங்கா, கோவண்டி வழியாகச் செம்பூர் தமிழ்க் கோயிலுக்கு (சர்ச்சைத்தான் கோயில் என்கிறேன்) ஒரு கிடாவை வாங்கிக் கொண்டுபோனேன். நாளை அங்கே அசனம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் பண்டிகையன்று கோயிலில் கூடிச் சாப்பிடும் பந்திதான் அசனம். சோறும் கறிக்குழம்பும். ஆடுகள் பெரும்பாலும் நேர்ச்சையாக வரும்.

இந்தக் கிடாவை நேர்ந்தது நானல்ல, என் மனைவி தங்கபுஷ்பம். இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் கூப்பிட்டுச் சொன்னாள்.

“செம்பூர்க் கோயில் அசனத்துக்கு ஒரு கிடா நேந்திருக்கேன். நீங்கதான் கொண்டு போணும்.”

“எதுக்கு நேந்த?”

“கொண்டு போங்க. கர்த்தர் பாத்துக்கிடுவாரு.”

அவ்வளவுதான் பதில். பிழைத்து எழ வேண்டும் என்று நேர்ந்திருந்தால் அது நடக்கவில்லை. மகனுக்கு வேலை என்றால் அவன் ஐரோலியில் நான்கு வருஷமாக வேலை பார்க்கிறான். பிறகு எதற்கு? நாற்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். வேலை முடியாமல் கூலி கொடுத்த முதலாளியைப் பார்த்ததில்லை. கேட்டது கிடைக்காதபோது கிடாவை ஏன் கொடுக்க வேண்டும் என்று மூன்று மாதம் யோசித்தேன். விளங்கவில்லை.

இன்னொரு சிக்கல். அந்தக் கோயிலுக்குள் நான் பதினொரு வருஷமாகக் கால் வைத்ததில்லை. நான் பள்ளிக்கூடம் போனவனல்ல. வேதப் புத்தகத்தை வைத்துத்தான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அப்போது இருந்த ஐயர் (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம், மாட்டுங்கா பிராமணர்கள் குழம்ப வேண்டாம்) ஒருநாள் வேதபாடத்தில் ஆபிரகாம் மகன் ஈசாக்கைப் பலியிட மலைக்குக் கூட்டிப்போனதையும், கடைசியில் மகனுக்குப் பதில் ஆடு பலியானதையும் விளக்கினார். நான் எழுந்து, “கிளம்பும்போது சாராளிடம் சொன்னாரா? பெற்றவளுக்குத் தெரியாமல் பிள்ளையை எப்படிக் கொண்டுபோகலாம்?” என்று கேட்டேன். “உக்காருங்க பெரியவரே, படிச்சவங்களே கேக்காத கேள்வி” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் உட்காரவில்லை. வெளியே வந்துவிட்டேன். அதன்பிறகு புஷ்பம் ஞாயிறுதோறும் தனியாகத்தான் ரயில் ஏறினாள்.

பயணத்துக்கு வருகிறேன். காலை எட்டு மணிக்கு மாட்டுங்கா மார்க்கெட்டில் மல்லிகைச் சரம் வாங்கினேன். கிடாவுக்குப் பூ சூட்ட வேண்டும் என்று வேதத்தில் இல்லை. புஷ்பத்துக்கு மல்லிகை பிடிக்கும். “வீட்டம்மாவுக்கா?” என்று பூக்காரி கேட்டாள். “ஆட்டுக்கு” என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே கட்டிக் கொடுத்தாள். அங்கிருந்து கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷன் நடை தூரம். வடாலாவில் இறங்கிப் பன்வேல் வண்டிக்கு மாறினால் கோவண்டி. பத்து ரூபாய் டிக்கெட்.

தேவனாரில் வாங்கித் தேவனுக்குக் கொடுப்போம் என்று எண்ணிக் கோவண்டியிலிருந்து தேவனார் ஆட்டுச் சந்தை வாசல்வரை போனேன். “ஆஜ் பஜார் நஹி, பாபா” என்று காவலாளி கை விரித்தான். சந்தை எல்லா நாளும் கிடையாதாம். விசாரிக்காமல் போனது என் தவறு. நீங்கள் விசாரித்துப் போங்கள்.

திரும்பி வந்து ஸ்டேஷன் அருகே டீ குடித்தேன். என் புலம்பலைக் கேட்ட பக்கத்து பெஞ்சுக்காரர், “எங்கிட்ட ஒண்ணு நிக்கி அண்ணாச்சி, பாக்குதியளா?” என்றார். கடையநல்லூர்ப் பக்கத்துக்காரர், பெயர் காதர். தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறைக்குப் பின்னால் கறுப்புக் கிடா ஒன்று நின்றது.

“பெருநாளைக்குன்னு வளத்தேன். அன்னைக்குன்னு பாத்து நொண்டிச்சு. நொண்டியக் குர்பானி கொடுக்கக் கூடாதுல்லா? இப்போ குதிரை கணக்கா ஓடுது.”

“ஈசாக்கு மாதிரி தப்பிச்சிருக்குன்னு சொல்லும்.”

“ஈசாக்கு இல்ல அண்ணாச்சி, எங்களுக்கு இஸ்மாயீல்.”

“ஈசாக்கு.”

“சரி, பையன் யாரா இருந்தா என்ன? மாட்டுனது ஆடுதான!”

சிரித்துவிட்டேன். ஆனாலும் விடவில்லை. “அந்தப் பையனோட அம்மாவுக்குத் தெரியுமா பாய்?” என்றேன்.

“சைத்தான் போயி ஹாஜரா அம்மாகிட்ட சொன்னான்னு எங்க பள்ளிவாசல் அஜரத்து சொல்லுவாரு.”

“அப்போ சைத்தான்தான் சொன்னானா? புருசன் சொல்லலியா?”

காதர் தலையைச் சொறிந்தார். “நீரு கிடா வாங்க வந்தீரா, என் ஈமான ஆட்டிப் பாக்க வந்தீரா?” நம்பிக்கையைச் சொல்கிறார்.

பதினாலாயிரம் சொன்னார். வாயைத் திறந்தேன். “நேர்ச்சைக்குப் பேரம் கிடையாது” என்று முந்திக்கொண்டார். நம் பக்கத்திலும் அப்படித்தான். கொடுத்தேன்.

கோவண்டியிலிருந்து செம்பூர்க் கோயில் இரண்டரைக் கிலோமீட்டர் இருக்கும். இரண்டு ஆட்டோக்காரர்கள் கிடாவைப் பார்த்ததும் வேகமெடுத்தார்கள். மூன்றாவது ஆள் நிறுத்தி, “சாச்சா, இஸ்கா பி டிக்கெட் லகேகா” என்றான், அதற்கும் தனியாகக் காசு வேண்டுமாம். எண்பது கொடுத்தேன். வழியெல்லாம் கிடா என் மடியில் தலை வைத்து, நான் கழுத்தில் சூட்டிய மல்லிகையைத் தின்றுகொண்டே வந்தது.

கோயில் வாசலில் ரூபி நின்றிருந்தாள். கோயில் வேலை பார்ப்பவள், புஷ்பத்தின் தோழி. கயிற்றை நீட்டினேன். அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

“நான் வாங்க மாட்டேன் அத்தான்.”

“ஏன்?”

“ஒங்க மவன் பணமா அனுப்பட்டுமான்னு போன் போட்டான். வேண்டாம்னுட்டேன். அத்தான் கையால கயித்தப் பிடிச்சு உள்ள கொண்டாந்து கட்டணும், வேற யாரு கொண்டாந்தாலும் வாங்காதேன்னு அக்கா சொல்லியிருக்கா.”

“எதுக்கு நேந்தாளாம்?”

“அத எங்கிட்டயும் சொல்லல. கயித்த யாரு பிடிக்கணும்னு மட்டுந்தான் சொன்னா.”

வெயிலில் அப்படியே நின்றேன். நான் உள்ளே வர வேண்டும் என்றா நேர்ந்தாள்? அப்படியானால் நான் நுழைந்தால்தான் கேட்டது கிடைத்ததாகும். கேட்டது கிடைத்தால்தான் கிடா. ஆனால் கிடா இல்லாமல் நான் இங்கே வந்தே இருக்க மாட்டேன். வேலை எது, கூலி எது? இதை எந்தப் பட்டறையிலும் நான் கண்டதில்லை.

“ஐயர் உள்ள இருக்காரா?”

“எந்த ஐயர்? நீங்க கோவிச்சுக்கிட்டுப் போனியளே, அவரா? அவரு மாத்தலாயி எட்டு வருசமாச்சு அத்தான்!”

எட்டு வருஷம். புஷ்பம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் வந்திருக்க மாட்டேன், அது வேறு. அந்த நேரம் பார்த்துக் கிடா, உள்ளே வேப்பமரத்தடிப் புல்லைக் கண்டு இழுத்தது. நான் கோயிலுக்குள் போனேன் என்று எழுத மாட்டேன். கயிறு குட்டை, அவ்வளவுதான். வேப்பமரத்தில் கட்டினேன். ரூபி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

போகிறவர்களுக்கு: கயிறு நீளமாக வாங்குங்கள். பூவைக் கடைசியில் சூட்டுங்கள். கிடாவை ரயிலில் ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள். எதற்கு நேர்ந்தார்கள் என்பதை நேர்ந்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டும் சொல்லாவிட்டால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நாளை அசனம் முடிந்ததும் வேதபாடம் உண்டாம். புது ஐயராம், இளவயதாம். போய் எழுந்து நிற்கப்போகிறேன். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டேன். சாராளுக்குத் தெரியுமா என்ற பழைய கேள்வி அப்படியே இருக்கிறது. கூடவே இன்னொன்றும் கேட்க வேண்டும்: சாராள் தன் பங்குக்கு எதையாவது நேர்ந்திருந்தால், அது ஆபிரகாமுக்குத் தெரியுமா?