கொட்டாஞ்சேனை மலர்ச்சாலைக்கு ஒரு லைசன்ஸ் பயணம்

வீடியோ கான்பரன்ஸ் சேர்வருக்குக் கூடுதல் லைசன்ஸ் ஏற்றப் போனதையெல்லாம் ஒருத்தன் பயணக் கட்டுரையாக எழுதுவானா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். இதே வேலைக்காகக் கொழும்பில் அலைகிறவர்களுக்கு உதவட்டும். போன மாதம் ஒரு சனிக்கிழமை, வெள்ளவத்தையில் என் வீட்டில் இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிக்கொண்டிருந்தபோது பெர்னார்ட் அண்ணன் அழைத்தார். கொட்டாஞ்சேனையில் மலர்ச்சாலை, அதாவது பிரேதத்தை வைத்துச் சடங்கு செய்யும் மண்டபம், நடத்துகிறவர். வெளிநாட்டுச் சொந்தங்கள் செத்தவீட்டைப் பார்ப்பதற்காக அங்கே ஒரு சேர்வர் பூட்டிக் கொடுத்தவன் நான்.

அதில் ஒரே நேரத்தில் பத்து இணைப்புத்தான். மேலே வேண்டுமென்றால் லைசன்ஸ் வாங்கி ஏற்ற வேண்டும். அன்றைய செத்தவீட்டுக்கு லண்டன், பாரிஸ் சொந்தமெல்லாம் விடியவே ஏறிக் குந்திவிட்டது. இறந்தவரின் ஒரே மகள், டொரொன்டோவில் இருக்கும் வானதிக்கு இடமில்லை. பிள்ளை பெற்ற பச்சை உடம்பு, பிளேன் ஏற முடியாது. மூன்று மணிக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள். அதற்குள் அவள் தகப்பனின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். யாரையாவது இறங்கச் சொல்லுங்கோவன் என்றேன். சொல்லிப் பார்த்தாராம், மாமா இறங்கினால் சித்தப்பா ஏறுகிறாராம். எங்கள் சனத்தை எனக்குத் தெரியாதா!

சேர்வரின் சீரியல் நம்பரைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, விற்பனையாளரிடம் லைசன்ஸ் வாங்கி முடிக்கவே மதியமாகிவிட்டது. தனி இணைப்பு விற்க மாட்டார்களாம். பட்டியலில் உள்ளவர்களைச் சேர்வர் தானே அழைக்கும் வசதியையும் சேர்த்துத் தலையில் கட்டினார்கள். காலி வீதி நெரிசலில் பஸ் சரிவராது என்று ரயிலில் கோட்டைக்குப் போனேன், எட்டுக் கிலோமீட்டர் இருக்கும். அன்று கடல் அலையில்லாமல் அசையாமல் கிடந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. கோட்டையிலிருந்து த்ரீவீல், நானூறு ரூபா. சாரதி சிங்களத்தில் கலகலவென்று கதைத்துக்கொண்டு வந்தவர், மலர்ச்சாலைப் போர்டைக் கண்டதும் ரேடியோப் பாட்டை நிறுத்திவிட்டார். உள்ளே திருப்ப மாட்டேன், கேற்றடியிலேயே இறங்குங்கள் என்றார்.

மண்டபத்தில் ஏசி எலும்பைக் குடைந்தது. இறந்த குகதாசன் ஐயாவின் தலைமாட்டில் அவர் மனைவி தவமணி அன்ரி அழாமல் இருந்தார். வருகிற எல்லோரிடமும் ஒன்றையே சொன்னார்: "மனுசன் வீட்டுக்கே வரேல்ல." வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இருப்பவர்களுக்கு இது விளங்கும். எங்கள் கட்டடங்கள் பலவற்றில் பிரேதத்தை லிஃப்டில் ஏற்ற விடமாட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மலர்ச்சாலை, அங்கிருந்து மயானம். நாற்பது வருடம் குடியிருந்தாலும் அதே சட்டம்தான். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சேர்வர் பின்னறையில், விற்பனைக்கு அடுக்கிய வெறும் பெட்டிகளுக்கு நடுவே இருந்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு பெட்டியின் மூடி திறந்து கிடந்தது. தட்டச்சு செய்யும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன். லைசன்ஸ் ஏறியது. ஆனால் சேர்வரை நிறுத்தி மறுபடி தொடங்கினால்தான் வேலை செய்யும். அது திரும்பத் தொடங்காமல் போனால் எல்லோருக்கும் நாமம்தான். மூன்றுக்குக் கால் மணி இருக்கும்போது துணிந்து நிறுத்தினேன். திரை கறுத்தது. வெளிநாட்டிலிருந்து பெர்னார்ட் அண்ணனுக்கு ஏச்சு வந்து கொட்டியது.

பிறகு ஒவ்வொரு முகமாக வந்தது. வானதி வந்தாள், கைப்பிள்ளையோடு. "அப்பா" என்று மட்டும் சொன்னாள். எனக்கு மூச்சு வந்தது.

அடுத்ததாக இன்னொரு சதுரம் திறந்தது. அதன் கீழே பெயர்: குகதாசன்.

இருட்டான ஒரு அறை. திரைச்சீலை மூடியிருந்தது. மின்விசிறி மெல்லச் சுற்றியது, கதிரையில் யாருமில்லை. பின்னாலிருந்த கண்ணாடி அலுமாரியில், கண்மூடிய ஒரு முகம் தெரிந்தது. அவருடைய முகம்தான். நான் பின்வாங்கி வெறும் பெட்டியொன்றில் இடித்துக்கொண்டேன். பெர்னார்ட் அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார்.

நிதானம் வந்த பிறகுதான் விளங்கியது. வானதி அனுப்பிய குடும்ப நம்பர்களைப் பெர்னார்ட் அண்ணன் முழுதாகப் பட்டியலில் போட்டிருக்கிறார். புது வசதி எல்லோரையும் அழைத்திருக்கிறது, செத்தவரையும் சேர்த்து. அவருக்குப் பட்டன் அழுத்த வராதென்று, தானே பதில் சொல்லும்படி வானதி எப்போதோ செய்து வைத்த டேப்லெட் பூட்டிய வீட்டில் திறந்துவிட்டது. அதன் திரையில் ஓடிய பெட்டிக் காட்சிதான் அலுமாரிக் கண்ணாடியில் விழுந்திருக்கிறது. ஆளில்லாத இணைப்பை வெட்டுவதுதான் எங்கள் தொழிற்பழக்கம். வெட்டப் போனேன்.

"அண்ணை, வெட்டாதேங்கோ," என்றாள் வானதி. "அப்பா வீட்ட நிக்கிறார். அம்மாட்டக் காட்டுங்கோ."

அந்தச் சதுரத்தைப் பெரிதாக்கி மண்டபத் திரையில் போட்டேன். தவமணி அன்ரி எழுந்து கிட்டப் போனார். கண்ணாடியிலிருந்த முகத்தைக் கனநேரம் பார்த்தார்.

"இஞ்சருங்கோ, வந்திட்டியளே?" என்றார். அப்போதுதான் அழத் தொடங்கினார். எனக்கும் அடக்க முடியவில்லை.

இந்த வேலைக்குப் போகிறவர்களுக்கு: சீரியல் நம்பரைப் படமாகவே வாங்குங்கள், வாயால் சொன்னால் பிழை வரும். சேர்வரை நிறுத்துவதற்கு முன் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். அழைப்புப் பட்டியலை ஒரு தரம் வாசியுங்கள். ஆளில்லாத இணைப்பாக இருந்தாலும் வீட்டுக்காரரைக் கேட்காமல் வெட்டாதீர்கள்.

பெட்டி போனதும் ஆண்கள் மாதம்பிட்டி மயானத்துக்குப் போனார்கள். தவமணி அன்ரியைத் தங்கச்சிக்காரி த்ரீவீலில் கட்டட வாசல்வரை கொண்டுபோய் விடப் போனார். ஒவ்வொரு சதுரமாக மூடியது. வானதி மட்டும் போகவில்லை, அந்த இருட்டறையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நிறுத்தட்டுமா பிள்ளை என்று கேட்டேன். கொஞ்சம் பொறுங்கோ என்றாள். நானும் வயர்களைச் சுற்றிக்கொண்டு காத்திருந்தேன்.

அந்தச் சதுரத்தில், அன்ரியின் வெள்ளவத்தை வீட்டுக் கதவு திறந்தது. தவமணி அன்ரி லைட் போடாமல் வந்து, டேப்லெட் வெளிச்சத்தைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பயப்பிடாதேங்கோ அம்மா," என்றாள் வானதி. "நீங்கள் தனிய வந்து கதவு திறக்கக் கூடாதெண்டு, நான் முதலே வந்திட்டன்."