மூச்சைக் கேட்டேன், இசைத்தட்டைக் கொடுத்தார்

எனக்கு மூச்சு போய்விட்டது. உயிர் போகவில்லை, மூச்சு மட்டும்தான் போயிற்று. புல்லாங்குழல் வாசிக்கிறவனுக்கு இது எப்பேர்ப்பட்ட அடி என்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மலாயா சுதந்திரம் பெறுவதற்குச் சில மாதங்கள் இருந்தன. ஊரே புது நாளுக்குக் காத்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் என் பழைய நாட்கள் திரும்பி வராதா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன்.

நான் மலாக்காவில் காஜா பேராங் பகுதியில் தையல் கடை வைத்திருப்பவன். பகலில் தையல் மெஷின், சாயங்காலம் புல்லாங்குழல். வெள்ளிக்கிழமைகளில் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் இருக்கும் பொய்யாத விநாயகர் சந்நிதியில் நின்று வாசிப்பேன். சம்பளத்துக்கு அல்ல, பிள்ளையார் மீதிருந்த பிரியத்துக்கு. ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் நீண்ட மூச்சுக்காரன் என்றுதான் சொல்வார்கள். ஒரு சங்கதியை ஆரம்பித்தால் இழுத்துக்கொண்டே போவேன். கேட்கிற எங்களுக்கு மூச்சு முட்டுகிறது ஐயா, கொஞ்சம் விடுங்கள் என்று கேலி செய்வார்கள். எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்கும்.

அந்த வருஷத் திருவிழாவில் என் வாசிப்பைக் கேட்ட சிங்கப்பூர் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர், ஆடி மாதம் வாருங்கள், உங்கள் வாசிப்பை இசைத்தட்டாகப் போடுகிறோம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் என்று அவர் சொன்னதும் கோபம் வந்துவிட்டது. மூன்று நிமிடத்தில் கல்யாணி ராகம் கண்ணைக்கூடத் திறக்காதே என்று வீட்டுக்கு வந்து புலம்பினேன். என் மனைவி செல்லம்மா மாவு பிசைந்துகொண்டே சொன்னாள்: "துணிய அளந்து வெட்டத் தெரியுது. பாட்ட அளந்து வெட்டத் தெரியலயா உங்களுக்கு?"

அதற்குப் பதில் யோசிப்பதற்குள் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று இருந்துவிட்டேன். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு நீரை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டேன். ஆனால் வலது நுரையீரல் சுருங்கிவிட்டது, மெஷின் மிதிக்கலாம், குழலைத் தொடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த அன்றே குழலை எடுத்து ஊதிப் பார்த்தேன். இரண்டு ஸ்வரம் வந்தது, பிறகு இருமல் வந்தது. செல்லம்மா குழலை வாங்கி அலமாரி மேல் வைத்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதேன்.

மறு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாரிடம் சண்டை போட்டேன். பொய்யாத விநாயகர் என்று பேர் வைத்துக்கொண்டு இப்படிச் செய்யலாமா? எத்தனை வருஷம் உனக்கு வாசித்திருக்கிறேன்? என் மூச்சைத் திருப்பிக் கொடு, வேறு ஒன்றும் வேண்டாம். தினமும் இதே பிரார்த்தனைதான். கடையில் அப்போது சுதந்திரக் கொடி தைக்கிற வேலை மலைபோல் குவிந்து கிடந்தது. கொடிக்குத் தையல் போட்டுக்கொண்டே மனசுக்குள் மூச்சு, மூச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூச்சு வரவில்லை. ஆடி மாதம் வந்துவிட்டது.

கம்பெனிக்காரரிடம் உடம்பு சரியில்லை என்று தெரிவித்தேன். முடிந்தால் வாருங்கள், இந்தத் தடவை தவறினால் அடுத்த தடவை என்று ஒன்று இருக்குமா தெரியவில்லை என்று பதில் வந்தது. செல்லம்மா போக வேண்டாம் என்றாள். பிள்ளையார் கடைசி நேரத்தில் கொடுப்பார், நான் போகாமல் இருந்துவிட்டால் அவர் எங்கே கொண்டுவந்து கொடுப்பார் என்று கேட்டேன். அதற்குமேல் அவள் தடுக்கவில்லை.

துணைக்கு நடேசன் பிள்ளையை அனுப்பினாள். அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், மலாக்கா செட்டி வம்சம், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய தமிழர்கள். வீட்டில் பேசுவது மலாய், சாமி கும்பிடுவதும் மலாயில்தான். விநாயகர் மேல் அவருக்கு இருக்கும் பக்தியில் பாதிகூட எனக்கு இல்லை. மிருதங்கத்துக்கு வேலு வந்தான். மூன்று பேரும் சிங்கப்பூருக்குப் பஸ் ஏறினோம்.

ஒலிப்பதிவு அறை எனக்குப் பிடிபடவே இல்லை. சுவர் முழுக்கக் கனத்த துணி. ஊதினால் நாதம் திரும்பி வராமல் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. சிவப்பு விளக்கு எரிந்தால் வாசி, அணைந்தால் நிறுத்து என்றார்கள். முதல் தடவை வழக்கம்போலக் கல்யாணியை மெதுவாக எடுத்தேன். ராகம் முகம் காட்டுவதற்குள் நேரம் முடிந்தது. அடுத்த தடவை அவசரப்பட்டேன், பாதியில் மூச்சு அறுந்தது. அதற்கடுத்த தடவை இருமல் வந்தது. எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது, எனக்கு ஒன்றுமே புரியவில்லை. சின்ன வயதிலிருந்து வாசித்த ராகம் யாரோ முன்பின் தெரியாதவர் மாதிரி நின்றது. கம்பெனிக்காரர் நல்ல மனுஷர், திட்டவில்லை. எல்லோரும் சாப்பிட்டு வாருங்கள் என்றார். பிள்ளையிடம் மட்டும் தணிந்த குரலில், இவரை வீட்டுக்கு அழைத்துப் போய்விடுங்கள் என்று சொன்னது என் காதில் விழுந்தது.

நான் வெளி நடையில் போய் உட்கார்ந்தேன். அழுகைகூட வரவில்லை. குழல் என் மடியில் கிடந்தது.

பிள்ளை என் பின்னாலேயே வந்தார். சட்டைப் பையிலிருந்து விநாயகர் படத்தை எடுத்து ஜன்னலில் சாய்த்து வைத்தார். பக்கத்துத் தேநீர்க் கடையில் ஒரு பீரிசுத் தட்டு வாங்கிவந்து, காகிதத்தில் மடித்து வைத்திருந்த கட்டிச் சூடத்தை அதில் வைத்து ஏற்றினார். கண்ணை மூடி மலாயில் என்னவோ முணுமுணுத்தார். எனக்குச் சாமி மேல் அப்போது கோபம்தான். கும்பிடக்கூட மனசு வரவில்லை. ஆனால் கை கேட்குமா? தீபாராதனைக்குச் சூடம் ஏற்றினால் குழலை எடுத்துத்தான் இந்தக் கைக்குப் பழக்கம். என்னை அறியாமல் வாசிக்க ஆரம்பித்தேன்.

ராகத்தை நான் யோசிக்கவில்லை. சின்னச் சின்னப் பிடிகளாக வந்தது. சந்நிதியில் அப்படித்தான் வாசிப்பேன். தீபம் காட்டும்போது தொடங்கி, சூடம் அணையும்போது முடிப்பேன். கணகணவென்று மணி அடிக்கிற சத்தத்துக்கு நடுவில் எத்தனை தடவை மூச்சு வாங்கினாலும் ஒருவருக்கும் கேட்காது. சுடர் தாழ்ந்தது, நானும் ராகத்தில் தாழ இறங்கினேன். அணைந்தது, நிறுத்தினேன்.

நிமிர்ந்து பார்த்தால் வாசல்படியில் ஒலிப்பதிவு செய்கிற சீனர் லிம் நின்றுகொண்டிருந்தார். பார்வை கைக்கடிகாரத்தில் இருந்தது. சரியான அளவு, இதையே உள்ளே வந்து வாசி என்று கையைப் பிடித்து இழுத்தார்.

உள்ளே நெருப்புக் கொண்டுபோகக் கூடாது, துணி பற்றிக்கொள்ளும் என்றார்கள். சூடம் இல்லாமல் எப்படி? திரும்பவும் எனக்குக் குழப்பம். பிள்ளை என் தோளைத் தட்டினார். "துத்தோப் மாத்தா. அப்பி மாத்தி, பெர்ஹெந்தி லா." கண்ணை மூடிக்கொள், நெருப்பு அணைந்தால் நிறுத்து, அவ்வளவுதான் என்றார்.

கண்ணை மூடினேன். அன்பர்களே, இனி நான் சொல்வதை நம்புங்கள் என்று கட்டாயப்படுத்த மாட்டேன். எனக்கே முழுதாக நம்பிக்கை இல்லை. மூடின கண்ணுக்குள் சுடர் எரிந்தது. நினைவில் வருகிற சுடர் அல்ல, காற்றில் ஆடுகிற சுடர். அது ஆடின பக்கமெல்லாம் என் விரல் போயிற்று. அது தாழ்ந்தபோது நானும் இறங்கினேன். அணைந்ததும் நிறுத்தினேன். கண்ணைத் திறந்தால் லிம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். யாராவது உள்ளே சூடம் ஏற்றினீர்களா என்று கேட்டேன். பிள்ளை இல்லையென்று தலையாட்டினார். வேலு தனக்குச் சூட வாசனை வந்தது என்றான். பிள்ளையின் சட்டையிலிருந்து வந்திருக்கலாம். வராமலும் இருக்கலாம்.

பிறகு பதிவைப் போட்டுக் காட்டினார்கள். என் உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. ஒவ்வொரு பிடிக்கும் நடுவில் என் மூச்சு கேட்டது. ஏணி ஏறுகிற கிழவன் மாதிரி இழுத்து இழுத்து வாங்குகிற மூச்சு. மறைப்பதற்கு அங்கே மணி இல்லையே! இதை அழித்துவிடுங்கள் ஐயா என்று கெஞ்சினேன். மனசுக்குள் பிள்ளையாரிடமும் அதையே கேட்டேன். கம்பெனிக்காரர், இன்னொரு தடவை வாசிக்க முடியுமா என்று கேட்டார். முடியாது. அப்படியானால் இதுதான், மறுபக்கத்துக்கு வேறு யாருடைய வாசிப்பையாவது போட்டுக்கொள்கிறேன் என்று முடித்துவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் பிள்ளையாரைத் திட்டிக்கொண்டே வந்தேன். மூச்சைக் கொடு என்றுதானே கேட்டேன், எனக்கு மூச்சு இல்லை என்பதை நாடு பூராவும் தண்டோரா போட்டுவிட்டாயே என்றேன்.

சுதந்திரம் வந்தது. கொடிகள் ஏறின. தீபாவளி கழிந்து இசைத்தட்டும் வந்தது. அதை நான் வீட்டில் போடவே இல்லை.

ஒரு நாள் பக்கத்து ஊரான செமாபோக்கிலிருந்து ஒரு அம்மாள் ரவிக்கைத் துணியோடு கடைக்கு வந்தார். பேரைக் கேட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த இசைத்தட்டில் வாசித்தது நீங்கள்தானா என்று கேட்டார். எனக்குத் தலை தானாகக் குனிந்தது. ஆமாம் என்றேன். அவர் கணவருக்குக் கடுமையான மூச்சிழுப்பு நோயாம். வேலையை விட்டு, மாதக்கணக்காக யாரோடும் பேசாமல், இனி எதற்கு இந்த உசிர் என்று சாப்பாட்டையும் ஒதுக்கிக்கொண்டு கிடந்தவராம். அண்டை வீட்டில் யாரோ என் தட்டைப் போட, சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்.

"இவனும் என்ன மாதிரிதான் மூச்சு வாங்குறான், ஆனா நிறுத்தலயே அப்படின்னாருங்க. அன்னிக்குத்தான் எழுந்து உக்காந்து சோறு கேட்டாரு" என்றார் அந்த அம்மாள்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். அளவு எடுக்கக் கை வரவில்லை. செல்லம்மாவைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லிவிட்டு, கடையை அப்படியே விட்டுக் கோயிலுக்கு ஓடினேன். சந்நிதியில் நின்றேன். சண்டை போடவும் வாய் வரவில்லை, நன்றி சொல்லவும் வரவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு தட்டுகள் போட்டிருக்கிறேன். ஒன்று மோகனம், அந்தச் செமாபோக் அண்ணனை நினைத்து வாசித்தது. இன்னொன்று பிள்ளை வீட்டுப் பெண்கள் தொட்டில் ஆட்டும்போது பாடுகிற மலாய்ப் பாட்டின் சாயலில் அமைந்தது. எங்கிருந்து உங்களுக்கு இதெல்லாம் தோன்றுகிறது என்று கம்பெனிக்காரர் கேட்கிறார். வீட்டில் சூடம் ஏற்றி உட்காருவேன். எரிகிற நேரத்துக்குள் வருவதை வைத்துக்கொள்வேன், வராததை விட்டுவிடுவேன். ஒரு மணி நேரம் ராகம் வாசித்தவன் இன்று மூன்று நிமிடத்துக்குள் முழு மனசையும் வைக்கப் பார்க்கிறேன். மூச்சு கேட்டால் கேட்கட்டும் என்று இருக்கிறேன். போன மாதமும் டாக்டர் பார்த்தார். நுரையீரல் சுருங்கினது சுருங்கினபடிதான் இருக்கிறது.

என் பிரார்த்தனைக்குப் பதில் வந்ததா? வந்தது என்று சொல்லவே இதை எழுதுகிறேன். ஆனால் எந்தப் பிரார்த்தனைக்கு என்ன பதில் என்று கேட்டால் இன்னும் திணறுவேன். கேட்டது கேட்டபடி கிடைக்கும் என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், எனக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். அவரவர் பாஷையில் கேளுங்கள். நான் இரண்டு வரம் கேட்டேன். மூச்சைக் கொடு என்றது ஒன்று, அந்தப் பதிவை அழித்துவிடு என்றது மற்றொன்று. இரண்டையும் அவர் தரவில்லை. முதலாவது ஏன் என்று எனக்குத் தெரியாது. இரண்டாவதைத் தராததற்கு, செமாபோக்கில் ஒருவர் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறவரைக்கும், தினமும் நன்றி சொல்வேன்.